அரசு மருத்துவமனையின் மருந்துக் கொள்முதல்: பெங்களூரில் தகவல் கேட்பது எப்படி

அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டில் மருத்துவர் ஐந்து மருந்துகள் எழுதியிருப்பார். மருந்தகச் சன்னலில் இருப்பவர் அவற்றில் மூன்றைக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டைப் பேனாவால் சுழித்து, "ஹொரகடெ தகொள்ளி" என்று சீட்டைத் திருப்பி நீட்டுவார். சிவாஜிநகரிலும் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம்மவர்களில் இந்தச் சொல்லைக் கேட்காத குடும்பம் குறைவு. வெளியில் வாங்கிக்கொள்ள வேண்டிய அந்த இரண்டு மருந்துகள் ஏன் உள்ளே இல்லை என்பதற்கான விடை, யாரோ ஒருவர் கையெழுத்திட்ட காகிதத்தில் கட்டாயம் இருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் வழியே கேட்டுப் பெறும் முறையை, இதுவரை ஒரு மனுகூட எழுதியிராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சில தயக்கங்களைத் தீர்த்துக்கொள்வோம். இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் போதும்; கர்நாடகத்தில் வாக்குரிமையோ குடும்ப அட்டையோ இருக்க வேண்டியதில்லை, கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வந்து போகிறவரும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், உங்களைத் தொடர்புகொள்ளத் தேவையானவை தவிர வேறு சொந்த விவரம் எதையும் கேட்கக் கூடாது என்பதையும் சட்டத்தின் 6(2) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் மொழி விஷயத்தில் கவனம் தேவை. மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே பெங்களூரில் தமிழில் மனு கொடுக்க முடியாது; கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்கவேண்டும். என் அனுபவத்தில் கன்னட மனு நல்லது, ஏனெனில் மருத்துவமனை எழுத்தர் அதை யாரிடமும் கேட்காமல் தானே படித்துப் புரிந்துகொள்வார். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் நிறையவே இருக்கிறார்கள். தமிழில் நீங்கள் எழுதிவைத்ததை அவர்களில் ஒருவர் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். எழுதவே முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவதும், அந்த அலுவலகத்தில் தகவல் மனுக்களைக் கவனிக்கும் பொதுத் தகவல் அலுவலரின் கடமைதான்.

எந்த அலுவலகம்?

புதியவர்கள் வழி தவறும் முதல் இடம் இது. வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லாம் "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி" என்று தோன்றினாலும், விக்டோரியா, பௌரிங் போன்றவை மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்தவை, கே.சி. ஜெனரல், ஜெயநகர் ஜெனரல் போன்றவை சுகாதார மற்றும் குடும்ப நலத் துறையின் கீழ் வருபவை. மகப்பேறு மருத்துவமனைகளில் பல மாநகராட்சியுடையவை. 2025 செப்டம்பரில் பழைய பெங்களூரு மாநகராட்சியான பி.பி.எம்.பி.யின் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், உங்கள் பகுதி எதன் எல்லைக்குள் வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் மத்திய அரசு நிறுவனம். அதற்கு மத்திய விதிகள் பொருந்தும், மேல்முறையீடும் கடைசியில் டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கே போகும்.

மாநில அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைப் பெருமளவில் டெண்டர் விட்டு வாங்கிக் கொடுக்கும் அமைப்பு கர்நாடக மாநில மருத்துவப் பொருள் வழங்கல் கழகம். அது அனுப்பாத மருந்தை மருத்துவமனையே உள்ளூரில் வாங்குவதும் உண்டு. அதற்குரிய பணம் ஆரோக்ய ரக்ஷா சமிதி (மருத்துவமனையின் நோயாளர் நலக் குழு) போன்ற கணக்குகளிலிருந்து வரலாம். அதனால் ஒரே மருந்தைப் பற்றிய காகிதங்கள் இரண்டு இடங்களில் கிடக்கும். டெண்டரும் விலையும் தரச்சோதனையும் கழகத்தில் இருக்கும். தேவைப்பட்டியலும் கையிருப்பும் உள்ளூர்க் கொள்முதலும் மருத்துவமனையில் இருக்கும். இரண்டு இடத்துக்கும் தனித்தனி மனு போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பதற வேண்டாம், 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. ஆனாலும் மாற்றி அனுப்பப்பட்ட மனு வழியில் தூங்குவதைப் பார்த்திருப்பதால், முதலிலேயே சரியான இடத்தில் கொடுப்பதே நல்லது என்பேன்.

ஒரு மருந்து நடந்துவரும் பாதை

காகிதத்தின் பெயர் தெரியாமல் காகிதத்தைக் கேட்க முடியாது. ஆகவே மனு எழுதுவதற்கு முன் இந்தப் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். மருத்துவமனை, தனக்கு என்னென்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்று தேவைப்பட்டியல் அனுப்புகிறது. அலுவலகத்தில் இதை இண்டென்ட் என்பார்கள். எல்லா மருத்துவமனைகளின் இண்டென்ட்டுகளையும் சேர்த்துக் கழகம் டெண்டர் அறிவிப்பு வெளியிடுகிறது; அதில் திருத்தம் வந்தால் திருத்த அறிவிப்பும் வரும். நிறுவனங்களின் விலைக் கேட்புகள் வந்தபின் முதலில் தொழில்நுட்பத் தகுதியைப் பார்க்கிறார்கள், பிறகு விலையைத் திறக்கிறார்கள். யார் எவ்வளவு கேட்டார்கள் என்பதை அடுத்தடுத்த கட்டங்களில் போட்டு ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் தயாராகும். டெண்டர் குழுவின் கூட்டக் குறிப்பில் யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு இருக்கும். அதன்பின் கொள்முதல் ஆணை. சரக்கு கிடங்குக்கு வந்ததும் பேட்ச் எண் குறித்துத் தரச்சோதனைக்கு மாதிரி போகும். அறிக்கை வந்தபின் சரக்கு மருத்துவமனைக்குக் கிளம்பும். அங்கே கையிருப்புப் பதிவேட்டில் வரவு வைப்பார்கள். கடைசியில் பில்லும் பணம் கொடுத்த ஆணையும், தாமதமாக வந்திருந்தால் அபராதம் பிடித்த குறிப்பும் இருக்கும்.

இந்தப் பாதையில் தரச்சோதனை அறிக்கையைப் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விலையில் ஊழல் நடந்ததா என்று தேடும் ஆர்வத்தில் தரம் மறந்துபோகிறது. 2024 நவம்பரில் பெல்லாரியில் பிரசவத்துக்குப் பின் தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரமே கேள்விக்குள்ளானது. எந்த பேட்ச், எந்த ஆய்வகம், என்ன முடிவு என்ற மூன்றும் எவ்வளவு பெரிய விஷயங்கள் என்பதை அந்த வீடுகளைத் தவிர வேறு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு மருந்தைப் பற்றி எது கேட்டாலும் பேட்ச் எண்ணையும் சோதனை அறிக்கையையும் சேர்த்தே கேளுங்கள்.

கர்நாடகத்தில் அரசுக் கொள்முதலுக்கென்றே 1999-ம் ஆண்டின் பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது; அலுவலகங்களில் கே.டி.பி.பி. சட்டம் என்றே சொல்வார்கள். குறிப்பிட்ட கொள்முதலுக்கு டெண்டர் தேவையில்லை என்று அரசு விலக்களிக்க அதன் 4(ஜி) பிரிவு இடம் கொடுக்கிறது. டெண்டர் அறிவிப்பையே காணவில்லையென்றால், "4(ஜி) விலக்கு ஆணையின் நகல்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மனு எழுதுவதற்கு முன் மாநிலத்தின் மின்கொள்முதல் தளத்தில் ஒரு மணி நேரம் தேடிப் பார்ப்பதும் பயனுள்ளது. டெண்டர் எண் கையில் கிடைத்துவிட்டால், "அப்படி ஒரு கோப்பு எங்களிடம் இல்லை" என்ற பதிலுக்கு இடமே இருக்காது.

கேள்வியை எழுதும் விதம்

என் முதல் மனு தோற்றதற்குக் காரணம் அதன் கேள்விதான். சர்க்கரை நோயாளியான என் அம்மாவுக்கு நகரிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் மூன்று வாரமாக இன்சுலின் கிடைக்கவில்லை. கோபத்தில், "இன்சுலின் ஏன் வழங்கப்படவில்லை? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?" என்று எழுதினேன். முப்பதாவது நாள், கேட்கப்பட்டவை தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலில் பிழை சொல்ல முடியாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் கேட்க முடியும் என்பதையும், புதிதாக விளக்கமோ கருத்தோ தயாரித்துக் கொடுக்க அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்பதையும் உச்ச நீதிமன்றம் 2011-ல் சி.பி.எஸ்.இ. வழக்கின் தீர்ப்பில் உறுதிப்படுத்தியிருக்கிறது. "ஏன்" என்ற சொல்லை அன்றோடு என் மனுக்களிலிருந்து எடுத்துவிட்டேன்.

கர்நாடக விதிகளில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு மனு ஒரே பொருளைப் பற்றியதாக இருக்கவேண்டும். சாதாரணமாக 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இந்த அளவு 500 சொற்கள். 150 சொல் என்பது குறைவு போலத் தோன்றினாலும், ஒரு மருந்து, ஒரு மருத்துவமனை, ஒரு காலம் என்று வரையறுத்துக்கொண்டால் தாராளமாகவே போதும். ஐந்து ஆண்டுகளின் எல்லாக் கொள்முதல் விவரங்களையும் கேட்கும் மனுக்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவையும் திரட்டினால் அலுவலகத்தின் அன்றாட வேலை கெடும் என்று சொல்லித் தட்டிக்கழிக்க நாமே வழி செய்து கொடுக்கிறோம். என் இரண்டாவது மனுவில் மருத்துவமனையிடம் கேட்டவை இவைதாம். மருந்தின் பெயரையும் தேதியையும் மாற்றி நீங்களும் பயன்படுத்தலாம்:

1. குறிப்பிட்ட மூன்று மாதங்களுக்கு, இன்சுலின் மருந்துக்கான கையிருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் சான்றளிக்கப்பட்ட நகல்.
2. அதே காலத்தில் அம்மருந்துக்காக அனுப்பப்பட்ட இண்டென்ட்டுகளின் நகலும், அவற்றுக்கு வந்த பதில் கடிதங்களின் நகலும்.
3. அதே காலத்தில் அம்மருந்து உள்ளூரில் வாங்கப்பட்டிருந்தால், கொள்முதல் ஆணை, பில் ஆகியவற்றின் நகல்.
4. பெறப்பட்ட ஒவ்வொரு பேட்சுக்கும் உரிய தரச்சோதனை அறிக்கையின் நகல்.
5. மேற்கண்ட கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி.

கழகத்துக்குப் போகும் மனுவில் டெண்டர் எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்பீட்டுப் பட்டியல், டெண்டர் குழுக் கூட்டக் குறிப்பு, கொள்முதல் ஆணை, தாமத அபராதக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்கலாம். மருந்தல்லாமல் ஸ்கேன் கருவி, டயாலிசிஸ் கருவி போன்றவற்றைப் பற்றியது என்றால், கருவி நிறுவப்பட்டதற்கான அறிக்கையையும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் பழுதுப் பதிவேட்டையும் கேளுங்கள். வாங்கிய கருவி உறை பிரிக்காமல் கிடப்பதும், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து மூலையில் நிற்பதும் அந்த மூன்றிலும்தான் தெரியவரும். நோயாளிகளின் பெயரையோ நோய் விவரத்தையோ எந்த மனுவிலும் கேட்காதீர்கள். அது நமக்குத் தேவையும் இல்லை, கேட்பது நியாயமும் இல்லை.

கட்டணமும் கொடுக்கும் முறையும்

மனுக் கட்டணம் 10 ரூபாய். அஞ்சலகத்தில் கிடைக்கும் போஸ்டல் ஆர்டர் எளிது. யார் பெயருக்கு எடுப்பது என்பதை அலுவலகத்தின் தகவல் உரிமை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொண்டு, அதன் எண்ணை மனுவிலும் எழுதிவிடுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர், அதற்கான அட்டை நகலை இணைத்தால் மனுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்டுக் கடிதம் வரும். பல துறைகளுக்கு மாநில அரசின் இணையதளத்திலேயே மனு போடலாம் என்றாலும், மருத்துவமனைக்கு நேரில் போய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்வதையே நான் விரும்புகிறேன். முத்திரை போட மறுத்தால் வாதாடிக்கொண்டு நிற்காமல் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வரும்போது

30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலென்றால் 48 மணி நேரம். ஆனால் உண்மையிலேயே அப்படிப்பட்ட நெருக்கடி இருந்தால் மட்டுமே, அதை மனுவின் தொடக்கத்தில் ஆதாரத்தோடு எழுதி இதைக் கோருங்கள். காலம் கடந்து கொடுத்தால் நகலுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று 7(6) பிரிவு சொல்கிறது. மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள், ஏன், யாரிடம் எத்தனை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரம் அந்தக் கடிதத்திலேயே இருக்கவேண்டும்.

கொள்முதல் விஷயத்தில் அடிக்கடி வரும் மறுப்பு 8(1)(டி). வணிக இரகசியம், வெளியிட்டால் நிறுவனத்தின் போட்டித்திறன் பாதிக்கப்படும் என்பார்கள். டெண்டர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆகவே முடிந்த டெண்டரையே கேளுங்கள். முடிவான பிறகு, யார் என்ன விலைக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அரசுப் பணம் செலவான கணக்கு, அதை இரகசியம் என்று சொல்வது பொருந்தாது. மருந்தின் தயாரிப்பு முறை இரகசியமாக இருக்கலாம், அரசுக்கு விற்ற விலை எப்படி இரகசியமாகும்? அப்படியே ஒரு பக்கத்தில் உண்மையான இரகசியம் இருந்தாலும், அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்கவேண்டும் என்கிறது 10-வது பிரிவு. மேல்முறையீட்டில் இந்தப் பிரிவைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறுப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்ற நிறுவனம் தன் தகவலை இரகசியமாகக் கருதுமானால், அதன் கருத்தைக் கேட்க 11-வது பிரிவின்படி 5 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்புவார்கள். அதற்குப் பதில் சொல்ல நிறுவனத்துக்கு 10 நாள் உண்டு. அப்படியானால் முடிவு தெரிய மொத்தம் 40 நாள் வரை ஆகலாம். நிறுவனம் ஆட்சேபித்தது என்பதாலேயே மறுத்துவிட முடியாது; முடிவெடுக்க வேண்டியவர் தகவல் அலுவலர்தான். அண்மைக்காலமாக 8(1)(ஜே) என்ற தனிப்பட்ட தகவல் பிரிவையும் காட்டுகிறார்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவிலிருந்த வரம்புகளை எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்றபடி சுருக்கிவிட்டது. இது குடிமக்களின் கையைக் கட்டும் திருத்தம் என்பதே என் கருத்து. நடைமுறையில் செய்யக்கூடியது, அலுவலர்களின் பெயரைக் கேட்காமல் பதவியைக் கேட்பதும், ஆவணத்தை மட்டும் கேட்பதும்தான்.

நேரில் பார்வையிடுவது

நகல் வாங்குவதைவிடக் கோப்பைப் பார்வையிடுவதையே நான் அதிகம் நம்புகிறேன். சட்டத்தின் 2(ஜே) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. குறித்த நாளில் அடையாள அட்டை, நோட்டு, பேனாவோடு போங்கள், முடிந்தால் கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்துப்போக அனுமதி கேளுங்கள்.

அம்மாவின் இன்சுலினுக்கான பதிவேட்டை ஒரு மர மேசையில் எனக்குப் பிரித்து வைத்தார்கள். நீளமான பக்கம், தேதி, வரவு, பேட்ச் எண், காலாவதித் தேதி, செலவு, இருப்பு என்று கட்டங்கள். ஒரு மாதத்தின் 8-ம் தேதி இருப்புக் கட்டத்தில் பூஜ்யம். அதன்கீழ் நீல மையில் ஒரு கோடு. அடுத்த வரவு 30-ம் தேதி. பக்கத்தில் இருந்த கோப்பில் இண்டென்ட்டின் தேதியைப் பார்த்தேன், அது 23. மருந்து தீர்ந்து பதினைந்து நாள் கழித்துத்தான் கேட்டே எழுதியிருக்கிறார்கள். கழகம் ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டது. சன்னலில் நின்று எல்லோரிடமும் ஏச்சு வாங்கிய மருந்தாளுநர் மீதும், அனுப்பவில்லை என்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த கழகத்தின் மீதும் இதில் குற்றமில்லை. ஒரு மேசையில் ஒரு கடிதம் எழுதப்படாமல் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தேதிகளை அருகருகே வைக்காமல் இது தெரிந்திருக்காது. அந்த இரண்டு பக்கங்களின் நகலுக்கு அங்கேயே 4 ரூபாய் கட்டிச் சான்றளித்த பிரதி வாங்கி, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தோம்.

பார்வையிடும்போது இப்படித் தேதிகளைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்ந்த தேதி, கேட்ட தேதி, ஆணை போட்ட தேதி, சரக்கு வந்த தேதி, சோதனை அறிக்கைத் தேதி, நோயாளிக்குக் கொடுக்கத் தொடங்கிய தேதி. சோதனை அறிக்கை வருவதற்கு முன்பே மருந்து செலவாகியிருந்தால், அல்லது வந்த மருந்தின் காலாவதித் தேதி மிக அருகில் இருந்தால், அந்தப் பக்கத்தின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

மேல்முறையீடு

பதில் வராவிட்டாலோ, வந்தது போதாவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே துறையில் மேல் பதவியில் உள்ள முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதவேண்டும். அவர் 30 நாட்களில், மிஞ்சிப்போனால் 45 நாட்களில் முடிவு சொல்லவேண்டும். பலர் இந்தக் கட்டத்தில் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் மேலதிகாரியின் மேசைக்குக் கோப்பு போகிறது என்றதுமே கீழே தேடாத காகிதம் கிடைத்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மேல்முறையீட்டில் கேள்வி வாரியாக எழுதுங்கள்: முதல் கேள்விக்கு வந்தது, இரண்டாவதற்கு வரவில்லை, மூன்றாவதற்குத் தவறான காலத்தின் நகல் வந்தது என்று. புதிய கேள்வி எதையும் இதில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி மனு போடுங்கள்.

அங்கும் கிடைக்கவில்லையென்றால் 90 நாட்களுக்குள் கர்நாடகத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தேவராஜ் அர்ஸ் சாலையில் மாஹிதி சௌதா என்ற கட்டடத்தில் ஆணையம் இருக்கிறது. விசாரணை வர மாதக்கணக்கில் ஆகும், அதற்கும் கூடுதலாகலாம். தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது. நீங்கள் வக்கீல் வைக்க வேண்டியதில்லை. விசாரணை நாளில் மனு, ரசீது, பதில், முதல் மேல்முறையீடு, அதன் முடிவு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி மூன்று பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் முறை சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால், எந்தப் பக்கம் இன்னும் வரவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.